கார்பரேட்டர் ஸ்க்ரூவின் தலை மழுங்குவது துருவால் மட்டுமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலத்துக்கு முன் மோட்டார் சைக்கிளைத் தயார்செய்வது பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த குறிப்புகள் பயனுள்ளவை. சங்கிலி, பிரேக், பேட்டரி எல்லாவற்றுக்கும் அளவோடு விளக்கம் இருந்தது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டருக்கு மட்டும், கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினால் போதும் என்று ஒரே வரி. அந்த வரியை நம்பி வேலையில் இறங்குகிறவர்கள் பலர், அதன் அடியில் பெட்ரோல் தேங்கும் அடிக்கிண்ணத்தின் ஸ்க்ரூக்களைத் தாண்டுவதே இல்லை. முதல் ஸ்க்ரூ வந்துவிடும். இரண்டாவது முரண்டு பிடிக்கும். மூன்றாவதன் தலையில் இருந்த கூட்டல் குறி வட்டக் குழியாகிவிடும். அதன்பின் உளி, சுத்தியல், கடைசியில் ஸ்க்ரூ ஏறும் காது உடைந்த கார்பரேட்டரைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு நடை. இந்த ஒரு கட்டத்தைப் பற்றி விரிவாக எழுத இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கெடா மாநிலத்தின் பாடாங் செராய் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் தோட்டத்துக்கும் செம்பனைக் காட்டுக்கும் ஓடும் மோட்டார்களில் இன்றும் பாதிக்கு மேல் கார்பரேட்டர் வண்டிகள் என்று கண்ணால் பார்த்தே சொல்லலாம். ஹோண்டா இஎக்ஸ்5, நம் கெடாவின் குருணிலேயே 1996 முதல் தயாரான மொடனாஸ் கிரிஸ், யமஹா ஆர்எக்ஸ்ஸெட் என்று ஒரு வரிசையே நிற்கும். விடியற்காலை பால் வெட்டப் போகிறவருக்கு மோட்டார் கிளம்பாவிட்டால் அன்றைய சம்பளம் போயிற்று. வண்டியோடு வந்த அசல் கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள ஜெட்டுகள் அந்த இன்ஜினுக்கென்று அளந்து போட்டவை. அதைத் தூக்கி எறிந்துவிட்டு மலிவான நகல் ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். நகலில் ஐட்லிங், அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜினின் மெதுவான ஓட்டம், நிற்காது; பெட்ரோல் அதிகம் குடிக்கும். நல்ல கார்பரேட்டர் ஒன்று ஒரு சின்ன ஸ்க்ரூவால் குப்பைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

ஸ்க்ரூ ஏன் இறுகுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். கார்பரேட்டரின் உடல் துத்தநாகக் கலவையிலோ அலுமினியத்திலோ வார்த்தது. ஸ்க்ரூ இரும்பு. இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டியிருக்க, இடையில் ஈரம் புகுந்தால் அங்கே ஒரு சிறு பேட்டரி உருவாகும். கார்பரேட்டர் உடலின் உலோகம் அரிபடும். அரிபட்டு உண்டாகும் வெள்ளைப் பொடி, அரிபட்ட உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். அதனால் மரைக்குள், அதாவது திருகுப் புரிக்குள், ஆப்பு வைத்ததுபோல் இறுகிவிடுகிறது. தோட்டப்புறத்தில் இதைத் துரிதப்படுத்த ஆள் பலம் உண்டு. பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. உப்புக்கு அண்ணன் தம்பி. உர மூட்டை ஏற்றிய மோட்டாரில் அந்தத் தூசி படிந்து மழையில் கரைந்தால் அலுமினியத்தில் குழி குழியாக அரிக்கும். ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட் தெறித்தாலும் இதே கதை. பால் உறையாமலிருக்க ஊற்றும் அமோனியாவோ பித்தளையைப் பதம் பார்க்கும்; ஜெட்டுகள் எல்லாம் பித்தளை. இந்தப் பொருள்களை ஏற்றும் மோட்டாரை வாரம் ஒரு முறையாவது வெறும் தண்ணீரால் கழுவித் துடைப்பது நல்லது. பீய்ச்சியடிக்கும் பம்பைக் கார்பரேட்டருக்கு நேராகக் காட்ட வேண்டாம்.

இவ்வளவு இறுகிய ஸ்க்ரூகூட ஒழுங்காகத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். வராமல் போவதற்கு முக்கியக் காரணம் கையில் இருக்கும் திருப்புளி. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

நாம் எல்லோரும் 'ஸ்டார்' என்று ஒரே பெயரில் அழைக்கும் திருப்புளிகள் ஒரே வகை அல்ல. உலகெங்கும் பரவியிருப்பது பிலிப்ஸ். அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்றது, கார்த் தொழிற்சாலைகளின் வழியாகப் பரவியது. அதன் வடிவத்தில் ஒரு குணம் உண்டு: முறுக்கு அதிகமானால் நுனி தானாகவே மேலே ஏறி வெளியே வழுக்கும். ஜப்பான் தனக்கென்று ஒரு கூட்டல் வடிவ அளவை வகுத்தது. ஜேஐஎஸ், அதாவது ஜப்பானியத் தொழில் தரம், என்பார்கள். நம் மோட்டார்களில் உள்ள கெய்ஹின், மிக்குனி கார்பரேட்டர்களின் ஸ்க்ரூக்கள் அந்த வகை. பிலிப்ஸ் நுனியின் இறக்கைகள் சேரும் மூலை வளைந்து பருத்திருக்கும். ஜப்பானிய ஸ்க்ரூவின் குழி மூலையோ கூர்மையானது. ஆகவே பிலிப்ஸ் திருப்புளி குழியின் அடிவரை இறங்குவதில்லை. பார்வைக்குப் பொருந்தியதுபோல் இருக்கும். உள்ளே விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். இறுகிய ஸ்க்ரூவில் பலம் கொடுத்ததும் ஏறி வழுக்கும், வழுக்கும்போது விளிம்பைச் சீவிக்கொண்டு போகும். இரண்டு முறை வழுக்கினால் அந்தத் தலையில் பிடிப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

ஜப்பானிய ஸ்க்ரூவை அடையாளம் காண, தலையில் கூட்டல் குறியின் பக்கத்தில் சிறு புள்ளியோ குழியோ இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றிலும் இருக்காது, இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒசாக்காவின் வெஸ்ஸல் போன்ற ஜப்பானியத் தயாரிப்புகளின் பிடியில் கூட்டல் குறியும் எண்ணும் அச்சிட்டிருக்கும். அடிக்கிண்ணத்தின் எம்4, அதாவது 4 மி.மீ. தடிமனுள்ள, ஸ்க்ரூவுக்குக் கூட்டல் 2 என்ற அளவுதான் வேண்டும். இன்ஜின் மூடியின் எம்6 ஸ்க்ரூவுக்குக் கூட்டல் 3. கூட்டல் 2 தொலைந்துபோனதற்காகக் கூட்டல் 1ஐ வைத்துச் சமாளிப்பது, மழுங்கவைக்க நிச்சயமான வழி. ஜப்பானிய நுனி பிலிப்ஸ் ஸ்க்ரூவிலும் நன்றாகவே உட்காரும் என்பதால் வீட்டில் ஒரே ஒரு திருப்புளி வைத்துக்கொள்வதென்றாலும் இதையே வாங்கலாம். மரவேலைக்கு வரும் போஸிட்ரிவ் வகை, கூட்டலுக்கு நடுவே மெல்லிய குறுக்குக் கோடுகள் கொண்டது, கார்பரேட்டர் பக்கமே வரக்கூடாது. நுனி தேய்ந்து வெள்ளையாகிப்போன திருப்புளியையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். பெயிண்ட் டின் திறக்க அது போதும்.

சரியான திருப்புளி கிடைத்தபின் செய்முறை. வண்டியில் மாட்டியபடியே அடிக்கிண்ணத்தைத் திறக்க முயல்வது பாதித் தவற்றை அங்கேயே செய்துவிடுகிறது. கீழிருந்து மேலாக, சாய்வாக, ஒரு கையால் அழுத்த முடியாது. பெட்ரோல் குழாயை அடைத்து, வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, கார்பரேட்டரை முழுதாக வெளியே எடுங்கள். வேலை செய்யும் இடத்தில் சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள், அடுப்பு எதுவும் இருக்கக்கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுத்த அறைவரை போகும். வரிசை வீடுகளின் தாழ்வாரத்தில் வேலை செய்வோர் இதை மறக்கவே கூடாது.

கார்பரேட்டரைத் தலைகீழாகத் திருப்பி, பழைய டயர் டியூபை நான்காக மடித்து அதன்மேல் வையுங்கள். இரும்புப் பட்டறைக் கல்லின்மேல் வைத்தால் வார்ப்பின் ஏதாவது ஒரு முனை விரிசல் விடும். ஸ்க்ரூவின் குழிக்குள் களிமண், கருகிய எண்ணெய், பழைய பெயிண்ட் எல்லாம் அடைத்திருக்கும். தையல் ஊசியாலோ கூரான கம்பியாலோ சுரண்டி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் பெட்ரோல் தொட்டுத் தேய்த்து, குழியின் அடி உலோகம் பளிச்சென்று தெரியும்வரை எடுங்கள். அரை மில்லிமீட்டர் அழுக்கு அடியில் இருந்தாலும் நுனி அத்தனை தூரம் மேலேதான் நிற்கும். இதற்கு ஸ்க்ரூ ஒன்றுக்கு இரண்டு நிமிடம் ஆகும், அவசரப்பட வேண்டாம்.

அடுத்து திருப்புளியைச் செங்குத்தாக நிறுத்தி, பிடியின் தலையில் 200 கிராம் அளவுள்ள சிறு சுத்தியால் நாலைந்து தட்டு. ஓங்கி அடிக்க வேண்டாம், தேங்காய் உடைக்குமுன் தட்டிப் பார்ப்பதுபோல். இதனால் இரண்டு காரியம் நடக்கும். நுனி குழிக்குள் முழுதாக உட்காரும். மரைக்குள் இறுகிய வெள்ளைப் பொடியில் கீறல் விழும். பிறகு உடல் எடையைத் தோள்வழியாக இறக்கித் திருப்புங்கள். ஜப்பானிய மெக்கானிக்குகள் தங்கள் மாணவர்களுக்குச் சொல்லும் கணக்கு ஏழுக்கு மூன்று: பலத்தில் ஏழு பங்கு அழுத்துவதற்கு, மூன்று பங்குதான் திருப்புவதற்கு. நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதல் அசைவு கழற்றும் பக்கமாக இருக்க வேண்டியதில்லை. மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் அசைத்து, அப்புறம் கழற்றும் பக்கம் திருப்பினால் ஒட்டு விடுவது எளிது. 'டிக்' என்று ஒரு சிறு சத்தம் கேட்டால் நல்ல சகுனம்.

எல்லா ஸ்க்ரூவையும் முதலில் கால் சுற்று மட்டும் தளர்த்திப் பாருங்கள். மூன்று தளர்ந்து ஒன்று மட்டும் நின்றால், தளர்ந்த மூன்றையும் வெளியே எடுத்துவிடாமல் மெல்ல இறுக்கி விடுங்கள். இல்லாவிட்டால் கிண்ணம் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, நின்றுபோன ஸ்க்ரூவை இன்னும் சாய்த்து இறுக்கும்.

நுனி கொஞ்சம் வழுக்குகிறது, ஆனால் குழி இன்னும் இருக்கிறது என்ற நிலையில் வால்வு தேய்க்கும் பேஸ்ட் ஒரு கடுகளவு நுனியில் தடவுங்கள். அதிலுள்ள கரகரப்பான துகள்கள் இரண்டு உலோகத்துக்கும் இடையே பல்போல் கடிக்கும். வேலை முடிந்ததும் அந்தப் பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். ஒரு துகள் ஜெட்டுக்குள் போனாலும் தலைவலி. ரப்பர் பேண்டை நடுவில் வைத்துத் திருப்பச் சொல்லும் யோசனை பரவலாக இருக்கிறது. தளபாடத்து ஸ்க்ரூவுக்கு அது உதவலாம். துருப்பிடித்த எம்4இல் உதவாது, ஏனென்றால் ஏற்கெனவே ஆழமில்லாத குழியை ரப்பர் இன்னும் நிரப்பிவிடுகிறது.

ஊடுருவும் எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. டபிள்யூடி-40 எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதன் பெயரே, நீரை விலக்கும் திரவத்துக்கான 40ஆவது முயற்சி என்பதைக் குறிக்கிறது, 1953இல் உருவானது. ஈரத்தை விரட்ட நல்லது, மரைக்குள் ஊடுருவ அவ்வளவு கெட்டி அல்ல. ஆட்டோ கியர் எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து சொட்டுவிடுவது நல்ல பலன் தரும். இரண்டும் பிரிந்து நிற்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் பெயிண்டையும் சில பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும், நெருப்பும் சட்டென்று பிடிக்கும். ஸ்க்ரூவின் தலையைச் சுற்றி இரண்டு சொட்டு. மரையின் மறுமுனை வெளியே தெரிந்தால் அங்கும் இரண்டு சொட்டு. மாலையில் ஒன்று, படுக்கப் போகும்முன் ஒன்று, காலையில் ஒன்று. பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு எண்ணெய் வேலை செய்யவில்லை என்று சொல்வது நியாயமல்ல.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. ஏன் சூடு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் இரும்பு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரிகிறது. அலுமினியம் 23 பங்கு, துத்தநாகக் கலவை 27 பங்கு. அதாவது முழுவதையும் சூடாக்கினால் ஸ்க்ரூ பருப்பதைவிட ஓட்டை அதிகம் பெரிதாகிறது. ஒட்டியிருந்த பொடி உடைகிறது. இதற்கு மிகப் பாதுகாப்பான வழி கொதிநீர். பெட்ரோல் முற்றிலும் வடிந்து, காற்றில் ஒரு மணி நேரமாவது உலர்ந்தபின், கார்பரேட்டரை அடுப்பிலிருந்து தள்ளி ஒரு தட்டில் வைத்து, கெட்டிலிலிருந்து கொதிநீரை ஸ்க்ரூ இருக்கும் காதின்மேல் மெல்ல ஊற்றுங்கள். நூறு டிகிரிக்குமேல் போகவே போகாது என்பதால் வார்ப்புக்கு ஆபத்தில்லை. தடித்த துணியால் பிடித்துக்கொண்டு, சூடு ஆறுமுன் திருப்ப வேண்டும்.

கொதிநீர் போதவில்லை என்றால், 60 வாட் ஈயப்பற்று இரும்பின் (சால்டரிங் அயர்ன்) நுனியை ஸ்க்ரூவின் தலையில் இரண்டு நிமிடம் வைத்து அழுத்துங்கள். சூடு ஸ்க்ரூ வழியாக நேரே மரைக்குப் போகும். எடுத்ததும் இளஞ்சூட்டில் மெழுகுவர்த்தியைத் தலையின் ஓரத்தில் தொட்டால் மெழுகு உருகித் தானாக உள்ளே இழுபடும், அது மசகாகும். சூடான காற்று வீசும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தோசைக்கல் பக்குவத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: தண்ணீர் தெளித்தால் சுருசுருவென்று ஆவியாக வேண்டும், அதற்குமேல் வேண்டாம். கேஸ் டார்ச் கூடவே கூடாது. துத்தநாகக் கலவை 380 முதல் 390 டிகிரிக்குள் உருகிவிடும். சிவக்காமல், எந்த எச்சரிக்கையும் தராமல், காது அப்படியே தொங்கிவிடும். அதோடு உள்ளே எங்காவது ஒரு துளி பெட்ரோல் மிஞ்சியிருந்தால் கதை வேறு.

இம்பேக்ட் டிரைவர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சுத்தியால் அடித்தால் சுழலும் கனமான கருவி இன்ஜின் மூடியின் எம்6 ஸ்க்ரூக்களுக்கென்று பிறந்தது. கார்பரேட்டரின் காதுகள் விரல் தடிமன்கூட இல்லாத வார்ப்பு. கனமான சுத்தியின் அடி அதை உடைக்கும். பிடியைத் தட்டினால் சில டிகிரி மட்டும் திரும்பும் இலகுவான வகை ஒன்று ஜப்பானியக் கம்பெனிகளிடம் உண்டு. அது பரவாயில்லை, அதிலும் அடி இலேசாகவே விழ வேண்டும். பேட்டரியில் ஓடும் இம்பேக்ட் மெஷினை இந்த ஸ்க்ரூவில் வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் நாங்கள் ஏற்க மாட்டோம். விரல் அமுக்கும் நேரத்தில் தலை பறந்துவிடும்.

இனி, தலை ஏற்கெனவே மழுங்கிவிட்டவர்களுக்கு. இதில் எது சுலபமோ அதிலிருந்து தொடங்க வேண்டும், எது வீரமோ அதிலிருந்து அல்ல.

அடிக்கிண்ண ஸ்க்ரூவின் தலை பெரும்பாலும் வெளியே துருத்தி நிற்கும் உருண்டைத் தலை. ஆகவே பக்கவாட்டில் பிடிக்க இடமுண்டு. பூட்டிக்கொள்ளும் பிளையர், வைஸ்கிரிப் என்று கேட்டால் கொடுப்பார்கள், அதைத் தலையின் விட்டத்துக்குச் சற்றுக் குறைவாக வைத்து, கிட்டிபோட்டதுபோல் இறுகப் பூட்டித் திருப்புங்கள். வாயின் பற்கள் குறுக்காக அல்லாமல் நெடுக்காக வெட்டப்பட்ட ஜப்பானியப் பிளையர் இதற்கென்றே வருகிறது. தலையைக் கவ்வினால் விடாது. எங்கள் அனுபவத்தில் மழுங்கிய ஸ்க்ரூக்களில் பாதிக்குமேல் இந்த ஒரு கருவியிலேயே வந்துவிடுகின்றன. துரப்பணத்தைத் தேடுமுன் பிளையரைத் தேடுங்கள்.

தலை குழிக்குள் புதைந்திருந்து பிளையர் வாய் நுழையாவிட்டால் புதிதாக ஒரு கோடு வெட்டலாம். சிறு வெட்டுத் தட்டு மாட்டிய மினி கிரைண்டர் நல்லது. இல்லாவிட்டால் இரும்பு அறுக்கும் ரம்பத்தின் பிளேடை உடைத்துத் துணி சுற்றிப் பிடித்து அறுக்கலாம். கோடு ஒரு மில்லிமீட்டர் ஆழம் போதும். ஆழமாகப் போனால் திருப்பும்போது தலை இரண்டாகப் பிளந்துவிடும். கோட்டின் அகலத்துக்கு இறுக்கமாகப் பொருந்தும் தட்டைத் திருப்புளியால், முன்சொன்ன மாதிரியே சூடாக்கி, அழுத்தித் திருப்ப வேண்டும். வெட்டும்போது தெறிக்கும் இரும்புத் தூள் உள்ளே போகாதபடி எல்லாத் துவாரங்களையும் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

பஞ்ச் எனப்படும் கூரான சிறு இரும்புக் கருவியைத் தலையின் ஓரத்தில் வைத்து, இடப்பக்கமாகச் சுற்றும் திசையில் சாய்த்துத் தட்டுவதும் ஒரு வழி. கை பழகியவர்களுக்குச் சரி. புதியவர்கள் தட்டினால் பஞ்ச் வழுக்கிக் கிண்ணத்தின் விளிம்பில் ஆழமாகக் கீறும், அந்தக் கீறல் வழியாகப் பெட்ரோல் கசியும்.

கடைசி வழி தலையைத் துளைத்தெடுப்பது. இதைக் கேட்டதும் பலர் பயப்படுகிறார்கள், உண்மையில் இது உளியைவிட மென்மையான வேலை. தலையின் நடுவில் பஞ்ச் கருவியால் ஒரு புள்ளி வையுங்கள். 2.5 மி.மீ. துரப்பண பிட்டால் தலையின் ஆழம் அளவுக்கு மட்டும் துளைத்து, பிறகு 4 மி.மீ. பிட்டால் அகலப்படுத்துங்கள். ஸ்க்ரூவின் தண்டும் 4 மி.மீ. என்பதால் அந்த அளவை எட்டியதும் தலை மோதிரம்போல் கழன்று பிட்டோடு வந்துவிடும். நிறுத்த வேண்டிய இடம் அதுதான். இனிமேல் கிண்ணத்தை மெல்ல மேலே தூக்கலாம். இறுக்கிப் பிடிக்கத் தலை இல்லாததால், மிஞ்சிய தண்டின்மேல் இருந்த அழுத்தமும் போய்விட்டது. கிண்ணத்தின் தடிமன் அளவுக்குத் தண்டு வெளியே நிற்கும். அதைப் பூட்டுப் பிளையரால் பிடித்துத் திருப்பினால், அத்தனை பிடிவாதம் பிடித்த ஸ்க்ரூ விரலாலேயே வந்துவிடும் அளவுக்குச் சாதுவாக இருப்பது அடிக்கடி நடக்கும். இடப்பக்கம் சுற்றும் பிட் கிடைத்தால் இன்னும் நல்லது. துளைக்கும்போதே ஸ்க்ரூ கழன்று வந்துவிடலாம்.

கிண்ணம் கார்பரேட்டர் உடலோடு ஒட்டியிருந்தால் இடுக்கில் திருப்புளியை விட்டு நெம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒரு மரக்கட்டையால் சுற்றிலும் தட்டினால் விடுபடும்.

தண்டு மரைக்குள்ளேயே முறிந்துவிட்டால் முறிந்த ஸ்க்ரூவைக் கவ்வி எடுக்கவென்று கடையில் விற்கும் எக்ஸ்ட்ராக்டரை வாங்க ஓடாதீர்கள். எம்4க்குப் பொருந்தும் எக்ஸ்ட்ராக்டர் ஊசிபோல் மெல்லியது. கடினமான எஃகு என்பதால் முறிந்தால் அதை வேறு எந்தப் பிட்டாலும் துளைக்க முடியாது. அதோடு அந்தக் கார்பரேட்டர் முடிந்தது. முறிந்த தண்டின் நடுவை மிகத் துல்லியமாகக் குறித்து, 2, 2.5, 3 என்று படிப்படியாக ஏற்றி, 3.3 மி.மீ. பிட்டில் நிறுத்தி, மரை வெட்டும் எம்4 0.7 டேப்பை விட்டு மரையைச் சுத்தம் செய்வது பாதுகாப்பு. நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் தவறினாலும் மரையின் ஒரு பக்கச் சுவர் போய்விடும் என்பதால் கைத் துரப்பணத்தில் செய்யாமல் நிற்கும் துரப்பணத்தில் செய்யச் சொல்லுங்கள். மரை முழுதும் போய்விட்டால், எம்4 ஹெலிகாயில் எனப்படும் கம்பிச் சுருள் போடுவதே எங்கள் முதல் தேர்வு. 4.2 மி.மீ. துளையிட்டு எம்5 மரை வெட்டுவதும் நடக்கும், ஆனால் காதின் சுவர் மெலியும், கிண்ணத்தின் ஓட்டையையும் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

ஜெட்டுகளுக்கு வருவோம். இவை பித்தளை, தட்டைக் கோடு கொண்டவை. இங்கேயும் திருப்புளிதான் விதியை எழுதுகிறது. கோட்டின் அகலத்துக்கும் தடிமனுக்கும் சரியாக அமைந்த நுனி வேண்டும். ஆப்புபோல் சாய்ந்த நுனி மேலேறி உதட்டை உடைத்துவிடும். கிடைக்காவிட்டால் பழைய திருப்புளி ஒன்றின் நுனியை அரத்தால் இரு பக்கமும் இணையாகத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரலாம், பத்து நிமிட வேலை. ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட் ஒரு குழாய்க்குள் ஆழத்தில் இருக்கும். அதன் தலை உடைந்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கார்பரேட்டர் கிளீனரில் ஓர் இரவு ஊறவைத்து, உடலைக் கொதிநீரில் சூடாக்கி, சிறு அரத்தின் நாலு பட்டை வால்முனையை ஜெட்டின் ஓட்டைக்குள் இலேசாகத் தட்டி இறக்கித் திருப்பினால், பித்தளை மென்மையானதால் முனை கடித்துக்கொள்ளும். எக்ஸ்ட்ராக்டரை வேண்டாம் என்று சொன்னது எஃகு ஸ்க்ரூவுக்கு. இங்கே அந்த முறை பலிக்கும். இப்படி எடுத்த ஜெட்டைத் திரும்பப் போடாதீர்கள். பழையதில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு அதே எண்ணில் புதியது வாங்குங்கள்.

ஐட்லிங்குக்குக் கலவையைச் சரிசெய்யும் காற்று ஸ்க்ரூவைக் கழற்றுமுன், உள்பக்கமாக மெல்லத் திருப்பி அது உட்காரும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைக்க வேண்டும். உட்கார்ந்தபின் ஒரு துளி பலம்கூடக் கூடாது. ஊசிமுனை வளைந்தாலோ உள்ளேயே முறிந்தாலோ ஐட்லிங் ஜென்மத்துக்கும் சரிவராது. சோக் தட்டையும், சில வகைகளில் திராட்டில் தட்டையும் பிடித்திருக்கும் குட்டி ஸ்க்ரூக்களின் பின்முனை கழன்று விழாதபடி தட்டி விரிக்கப்பட்டிருக்கும். சுத்தம் செய்ய அவற்றைக் கழற்ற வேண்டியதே இல்லை. விட்டுவிடுங்கள். கழன்று விழுந்தால் அது நேரே இன்ஜினுக்குள் போகும்.

திரும்ப மாட்டும்போது பழைய ஸ்க்ரூக்களைக் குப்பையில் போட்டுவிட்டு, தலையில் அறுகோணக் குழி உள்ள எம்4 துருப்பிடிக்காத எஃகு அலன் ஸ்க்ரூ போடுவது எங்கள் பழக்கம். 3 மி.மீ. அலன் சாவி போதும், இனிமேல் மழுங்கும் தொல்லையும் குறையும். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். நீளம் பழையதோடு அச்சாக ஒத்திருக்க வேண்டும். ஒரு சுற்று நீளம் கூடினாலும் மூடிய ஓட்டையின் அடியில் முட்டி, கிண்ணம் இறுகாமல் கசியும், மேலும் திருகினால் காது வெடிக்கும். அடுத்தது, அலன் சாவியில் பலம் சுலபமாக வருவதால் அதிகம் இறுக்கிவிடுவோம். எம்4க்கு 2 நியூட்டன் மீட்டர் போதும். சாவியின் குட்டைக் காலைக் கையில் பிடித்து இரு விரலால் இறுக்கினால் ஏறத்தாழ அதுதான். துருப்பிடிக்காத எஃகும் அலுமினியத்தோடு சேர்ந்து அரிக்கவே செய்யும் என்பதால், மரையில் ஒட்டுத் தடுப்புக் கிரீஸை ஊசிமுனை அளவு தடவுங்கள், பூட்டுப்பசை வேண்டாம். குறுக்காக, மூலைவிட்ட வரிசையில், இரண்டு சுற்றாக இறுக்கினால் கிண்ணம் நெளியாது.

கிண்ணத்தில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் வெளியே எடுத்ததும் பெட்ரோலில் ஊறிப் பருத்துப் பள்ளத்தில் அமராமல் அடம் பிடிக்கும். வெட்டிவிடாதீர்கள். நிழலில் ஒரு நாள் காய்ந்தால் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்துவிடும். விரிசல் இருந்தால் மட்டும் புதியது. மாட்டி முடித்தபின் பெட்ரோலைத் திறந்துவிட்டு, அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்துப் பத்து நிமிடம் பொறுத்திருந்து, காகிதத்தில் ஈரம் இல்லை என்று பார்த்த பிறகே இன்ஜினை உதையுங்கள்.

தங்கள் பத்திரிகை வழியாக இரண்டு வேண்டுகோள். ஊர்களிலுள்ள ஹார்ட்வேர் கடைக்காரர்கள் ஜேஐஎஸ் கூட்டல் 2, கூட்டல் 3 திருப்புளிகளையும் எம்4 அலன் ஸ்க்ரூக்களையும் வாங்கி வைக்க வேண்டும். பெட்டி பெட்டியாக விற்கும் கலப்பட செட்டுகளைவிட இவைதான் தோட்டத்து மக்களுக்கு உதவும். தொழிற்பயிற்சி மையங்களில் மோட்டார் பழுதுபார்க்கப் படித்து எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழுக்குத் தயாராகும் நம் பிள்ளைகளுக்கு, இன்ஜினைப் பிரிக்கக் கற்றுக்கொடுக்கும்முன் ஒரு நாள் முழுக்கத் திருப்புளியை மட்டும் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். பழைய, துருப்பிடித்த கார்பரேட்டர் ஒன்றை ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்து, ஒரு ஸ்க்ரூவையும் மழுங்கவைக்காமல் திறக்கச் சொல்லலாம்.

ஆசிரியர் அவர்கள் அடுத்த முறை இந்தப் பகுதியை வெளியிடும்போது, பிலிப்ஸ் நுனியையும் ஜப்பானிய நுனியையும் அருகருகே வைத்து எடுத்த, பல மடங்கு பெரிதாக்கிய படம் ஒன்றையும் சேர்த்துப் போட்டால் வாசகர்கள் வெட்டி எடுத்துக் கருவிப் பெட்டிக்குள் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
பழைய மோட்டார் பழுதுபார்ப்போர்,
பாடாங் செராய், கெடா.